பின்வாங்கிய நீலம்

நீங்கள் யாராவது நீலத் தண்ணீரில் வாய் கொப்பளித்திருக்கிறீர்களா?

இல்லையென்றால் கொடுத்து வைத்தவர்கள். ஒரு நாலடுக்குக் கட்டடத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஒருவர் கொப்பளித்தார். பல்லெல்லாம் நீலமாகிப் போனது. வேறு யாருக்காவது நடந்திருந்தால் விஷயம் அமுங்கிப் போயிருக்கும். நடந்தது இரண்டாம் மாடிப் பல் டாக்டருக்கு!

ஆனால் வினை கிளம்பியது அவர் தலைக்கு மேலே, மூன்றாம் மாடியில். அங்கேதான் கட்டடச் சங்கத்துச் செயலாளர் குடியிருந்தார். மனைவி ஒன்று, மனைவியின் இடுப்பை விட்டு இறங்காத பெண் குழந்தை ஒன்று. அச்சகத்தில் புரூஃப் பார்க்கிற வேலை. அதாவது, அடுத்தவர் பிழையைக் கண்டுபிடித்தே சோறு சாப்பிடுகிற உத்தியோகம்.

அச்சகத்தோடு விட்டாரா? அதுதான் இல்லை. சிவப்புப் பேனா சட்டைப் பையிலேயே குடியிருக்கும். பால்காரர் சீட்டுக்கு ஒற்று போடுவார். டாக்டர் எழுதிய மருந்துச் சீட்டுக்குக் கால் போடுவார். மனைவி எழுதிய மளிகைப் பட்டியலைத் திருத்தி முடிப்பதற்குள் கடை மூடிப்போன நாளும் உண்டு.

அவரிடம் ஒரே ஒரு குறை. எழுத்தைப் படிப்பார். விஷயத்தைப் படிக்க மாட்டார்.

முந்தின நாள் கட்டடத்து பிளம்பர் ஒரு துண்டுக் காகிதத்தைக் கொண்டு வந்து நீட்டினார். ‘நாளை காலை ஒன்பது முதல் பத்து வரை மேல் தொட்டி வால்வு மூடப்படும். தன்னீர் வராது.’

“தன்னீரா? என்னய்யா இது? மூணு சுழி ண போடணும். தன்னீர்னா உங்க சொந்தத் தண்ணின்னு ஆயிடும்!”

“சரிங்க ஐயா, போட்டுடறேன். ஒன்பது மணிக்கு...”

“அதெல்லாம் சரியாத்தான் இருக்கு. ஒன்பதுல பிழை இல்ல. ஒட்டுங்க.”

பிழை இல்லாததால் ஒன்பது மணி அவர் மூளையில் ஏறவே இல்லை.

மறுநாள் விடிந்தது. செயலாளர் தம் வெள்ளைச் சட்டை ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தார். புரூஃப் பார்க்கிற பார்வைதான்.

“இங்க பாரு. நீலம் திட்டுத் திட்டா இருக்கு.”

“ஒரு கையில பிள்ளை, ஒரு கையில சட்டை. அப்படித்தாங்க இருக்கும்” என்றாள் மனைவி.

“இன்னையிலேர்ந்து என் சட்டையை நானே துவைச்சுக்கறேன்!”

“அம்மாடி! எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றீங்களா?”

“கேலியா? கையே நனையாம துவைச்சுக் காட்டறேன் பாரு. விஞ்ஞானம்!”

விஞ்ஞானம் இதுதான். குளியலறையில் ஒரு பெரிய டிரம். அதற்குள் ஏழு சட்டை. குழாயில் ஓஸ் பைப்பைச் சொருகி, மறு நுனியை டிரம்மின் அடி வரைக்கும் இறக்கிவிடுவது. குழாயைக் கொஞ்சமாகத் திறந்தால், வருகிற தண்ணீர் அடியிலிருந்து சுழன்று சுழன்று சட்டைகளைத் தானே அலசும். செயலாளர் பக்கத்து அறையில் கால் மேல் கால் போட்டு நாளிதழில் அச்சுப் பிழை பார்க்கலாம்.

சொட்டு நீலம் பாட்டிலை எடுத்தார். அட்டையைப் படித்தார். ‘பளிச்சென்ற வென்மைக்கு’ என்று போட்டிருந்தது. வென்மை! ரெண்டு சுழி! பிடித்துவிட்ட சந்தோஷத்தில் பாட்டிலை அப்படியே கவிழ்த்தார். ‘ஒரு வாளிக்கு நான்கு சொட்டு’ என்ற வரியில் பிழை எதுவும் இல்லை. அதனால் அது அவர் கண்ணில் படவில்லை.

மனைவி குழந்தையோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

“ஏங்க, ஓஸ் வாயைத் தண்ணிக்குள்ள முக்காதீங்க. பிளம்பர் அண்ணன் போன தடவையே சொன்னாரு. ஒரு சாண் மேலேயே நிக்கணுமாம்.”

“ஏனாம்?”

“குழாய்ல தண்ணி நின்னுபோச்சுன்னா, வாளியில இருக்கற தண்ணியைக் குழாய் திரும்ப உறிஞ்சிக்குமாம்.”

“உறிஞ்சறதுக்குக் குழாய் என்ன கைக்குழந்தையா?”

“எனக்கென்ன தெரியும்? நான் கிராமத்துப் பள்ளிக்கூடத்துல படிச்சவ. சொன்னதைச் சொன்னேன்.”

“தண்ணி கீழ்நோக்கித்தான் வரும். போய் வேலையைப் பாரு.”

போய் வேலையைப் பார்த்தாள். மணி ஒன்பது.

மொட்டை மாடியில் பிளம்பர் வால்வை மூடினார். கீழ்வீடுகளில் குழாய்கள் திறந்திருந்தன. நோட்டீசை அங்கேயும் யாரும் படிக்கவில்லை என்பது செயலாளருக்கு ஒரு சின்ன ஆறுதல். மேலே அடைப்பு, கீழே திறப்பு. குழாயில் நின்ற தண்ணீர் கீழே இறங்கியது. இறங்குகிற தண்ணீர் பின்னால் இருப்பதையும் இழுக்கும் இல்லையா? பின்னால் இருந்தது டிரம். முங்கிக்கொண்டிருந்த ஓஸ் வழியாக, ஒரு பாட்டில் நீலத்தையும் ஏழு சட்டை அழுக்கையும் குழாய் மடக்கு மடக்கென்று குடித்துவிட்டுக் கீழே போய்த் துப்பியது.

“ஐயோ!” என்றது இரண்டாம் மாடி.

முதல் மாடி வெளியூர் போயிருந்தது. பிழைத்தது.

“கடவுளே!” என்றது தரைத்தளம். அங்கே இருந்தது ஓய்வு பெற்ற டீச்சர். தலைக்குச் சோப்பு போட்டுக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கண்ணைத் திறந்தபோது நரைத்த தலை முழுக்க வானம்.

செயலாளர் நாளிதழை மடித்து வைத்துவிட்டு, செயலாளருக்குரிய முகத்தோடு படி இறங்கினார். வாசலில் கூட்டம். பல் டாக்டர் வாயைத் திறந்து எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். வழக்கமாக அடுத்தவர்தான் அவரிடம் காட்டுவார்கள்.

“செயலாளரே, பாருங்க! இதைக் குடிச்சிருந்தா?”

“நல்லவேளை, நான் உலையில ஊத்தலை” என்றார் டீச்சர், தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு. “எல்லாம் அந்த பிளம்பர் வேலை. தொட்டியில எதையோ கொட்டியிருக்கான்.”

பிளம்பர் அதற்குள் இறங்கி வந்துவிட்டார். நடு வயது. முழங்கால் வரை மொட்டை மாடித் தரைப் பாசி.

“தொட்டியில ஒண்ணும் இல்லீங்க. மேல வந்து பாருங்க, பளிங்கு மாதிரி இருக்கு. யாரு வீட்டுலயோ ஓஸ் முங்கிக் கெடக்கு. நான் வால்வை அடைச்சதும் தண்ணி பின்வாங்கியிருக்கு.”

ஓஸ்!

மூன்றாம் மாடி டிரம் செயலாளருக்கு ஞாபகம் வந்தது. வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். ‘என் வீடுதான்’. எட்டெழுத்துகூட இல்லை. பல் டாக்டரின் நீலப் பல்லைப் பார்த்தார். டீச்சரின் துண்டைப் பார்த்தார். எல்லாரும் அவரையே பார்த்தார்கள். வாய் தன் பாட்டுக்குத் திறந்தது.

“தண்ணி எங்கயாவது பின்வாங்குமாய்யா? மனுஷன்தான் பின்வாங்குவான்!”

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். பிளம்பர் சிரிக்கவில்லை. ஒரு கணம் செயலாளர் முகத்தைப் பார்த்தார். பிறகு தம் பாசிக் காலைப் பார்த்துக்கொண்டார்.

“ஐயா, நம்ம தண்ணிதானே, நானும்தானே குடிக்கறேன்” என்றார் மெதுவாக. “இன்னைக்கு நீலம், கண்ணுக்குத் தெரிஞ்சுது. நாளைக்குக் கக்கூஸ் கழுவற தண்ணி ஏறினா தெரியவா போகுது? எந்த வீடுன்னு பார்த்து ஒரு வால்வு மாட்டிடணும்ங்க.”

“முதல்ல ஆளை மாத்தணும்” என்றார் பல் டாக்டர். “இன்னைக்கே கூட்டம் போடுங்க செயலாளரே. இந்தத் தெரு முழுக்கச் சொல்லிடறேன் நான்.”

இந்தத் தெருவில் பத்துக் கட்டடம். பத்துக்கும் பிளம்பர் அவர்தான். அது செயலாளருக்கும் தெரியும்.

இரண்டிரண்டு படியாகத் தாண்டி மேலே ஓடினார். டிரம்மில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஏழு சட்டையும் அடியில் சுருண்டு கிடந்தன, செத்த மயில் மாதிரி. அள்ளினார். பிழிந்தார். கை முழங்கை வரை நீலமாயிற்று. சோப்பு போட்டார். நீலம் பளிச்சென்று ஆயிற்று.

வாசல் மணி அடித்தது.

“வாங்கண்ணே” என்றது மனைவியின் குரல். “உட்காருங்க, டீ தரேன்.”

“வேணாம்மா. சாரைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்.”

“குளிக்கறாரு போல.”

குளியலறைக் கதவுக்குப் பின்னால், நீலக் கைகளைத் தூக்கிப் பிடித்தபடி, செயலாளர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்.

“யாரு நம்பாட்டியும் பரவால்லம்மா. சார் படிச்சவரு. நல்லா விசாரிச்சுத்தான் நோட்டீஸ் எழுதுவாரு. ஒரு புள்ளி தப்பா இருந்தாலே விட மாட்டாரே, ஒரு ஆளைத் தப்பா சொல்லிடுவாரா?”

இந்த இடத்தில் செயலாளர் தரையைப் பார்த்தார். தண்ணீர் போகிற ஓட்டை மிகச் சிறியதாக இருந்தது. இல்லாவிட்டால் அதில் இறங்கிப் போயிருப்பார்.

பிளம்பர் போன பிறகும் பத்து நிமிஷம் கழித்துத்தான் வெளியே வந்தார். கையில் துண்டைச் சுற்றியிருந்தார்.

“சட்டையெல்லாம் எங்கங்க?” என்றாள் மனைவி.

“இஸ்திரிக்குப் போட்டாச்சு.”

“ஈரத்தோடவா?”

“ஆவி பறக்கத் தேய்ப்பாங்க. புது முறை.”

“ஓஸ்?”

“எந்த ஓஸ்?”

“கைக்கு என்ன ஆச்சு?”

“குளிருது.”

மனைவி குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவருக்கு.

“பாவம் அந்த அண்ணன்” என்றாள் கொஞ்சம் கழித்து. “யாரு வீட்டு ஓஸோ, அந்த மகராசன் ஒரு வார்த்தை சொல்லிட்டா தீர்ந்துச்சு.”

“சொல்லுவானா? அவனுக்கும் மானம் மரியாதை இருக்கும்ல?”

“தண்ணியே பின்வாங்குதுங்க. சொன்ன சொல்லு பின்வாங்காதா?”

செயலாளர் ஒரு காகிதத்தை இழுத்துக்கொண்டார். துண்டோடு உட்கார்ந்து, விரல் நுனியால் பேனாவைப் பிடித்து நோட்டீஸ் எழுதினார். பிளம்பர் என்ற சொல்லை மூன்று முறை எழுதப் போனார். பேனா நகரவில்லை. கடைசியில் யார் பெயரும் போடாமல் முடித்தார்.

‘இன்று காலை வந்த நீலத் தண்ணீருக்குக் காரணமானவரைச் செயலாளர் கண்டுபிடித்துவிட்டார். மாலை ஆறு மணிக்கு வாசலில் கூட்டம். நடந்ததை அவரே விளக்குவார்.’

மனைவி வாங்கி, எழுத்துக் கூட்டிப் படிப்பதுபோல மெதுவாகப் படித்தாள்.

“இதுல ஒரு பிழை இருக்கற மாதிரி இருக்குங்க.”

அடிபட்ட இடத்திலேயே அடி விழுந்தது. நாள் முழுக்கக் குனிந்திருந்த தலை சட்டென்று நிமிர்ந்தது.

“என் எழுத்துலயா? பதினாலு வருஷ சர்வீஸ்! காரணமானவரை, இரண்டாம் வேற்றுமை. அடுத்து வல்லினம் வருது, அதனால ச் போட்டிருக்கேன். பிழையாம் பிழை!”

“இல்ல, எனக்கு என்னமோ உறுத்துது.”

“உறுத்தினா நீயே திருத்து! இந்தா சிவப்புப் பேனா. திருத்தி நீயே ஒட்டிட்டு வா. பார்க்கலாம்!”

“நிஜமாவா?”

“நிஜமா!”

பேனாவை வாங்கிக்கொண்டாள். பசைக் கிண்ணம் ஒரு கையில், குழந்தை ஒரு கையில், நோட்டீஸ் வாயில். படி இறங்கிப் போனாள். செயலாளர் குளியலறைக்குப் போய் எலுமிச்சம்பழத்தால் கையைத் தேய்க்க ஆரம்பித்தார். ஆறு மணி வரைக்கும் தேய்த்தார். கை எலுமிச்சை வாசனையோடு நீலமாக இருந்தது.

ஆறு மணி. இரண்டு கையையும் கால்சட்டைப் பையில் விட்டுக்கொண்டு கீழே போனார். வாசலில் நாற்காலி போட்டிருந்தார்கள். பின் சுவரில் நோட்டீஸ் பலகை. அதற்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். மனைவி ஓர் ஓரமாகக் குழந்தையைத் தட்டிக்கொண்டிருந்தாள். பிளம்பர் தூணோரம் நின்றார். அந்தப் பக்கம் மட்டும் பார்க்காமல் செயலாளர் பேச்சை ஆரம்பிக்கப் போனார்.

அதற்குள் பல் டாக்டர் எழுந்து கை தட்டினார்!

“செயலாளரே, உங்களைப் பத்தி நான் என்னவோ நெனச்சிருந்தேன். எழுத்துல போட ஒரு தைரியம் வேணும்.”

செயலாளருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் நெஞ்சு கொஞ்சம் விரிந்தது. “உண்மையை எழுதறதுக்கு என்னங்க தைரியம்?”

“ஆஹா!” என்றார் டீச்சர். தலை இன்னும் ஆகாய நீலம்தான். “முப்பது வருஷம் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஒருத்தன்கூட இப்படி எழுதினதில்ல.”

“கடமைங்க. இந்த மாதிரி ஆளையெல்லாம் விட்டு வைக்கக் கூடாது.”

“சேச்சே, அவ்வளவு கடுமையா எதுக்கு?” என்றார் பல் டாக்டர். “தெரியாம நடந்ததுதானே? நாங்க மன்னிச்சுட்டோம்.”

“மன்னிப்பா? எனக்கு மனசு கேட்காது. ஒரு கட்டடத்தையே நீலமாக்கினவன்! உள்ளே தள்ளணும்!”

கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. “தன்னையே இப்படித் திட்டிக்கறாரே, பாவம்.”

தன்னையே?

அப்போது பிளம்பர் வந்து அவர் எதிரே நின்றார். கும்பிட்டார். “என் பொழப்பைக் காப்பாத்திட்டீங்க ஐயா. நீங்க மூடி மறைச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கவா போகுது?”

செயலாளர் மெல்லத் திரும்பினார். பலகையைப் பார்த்தார்.

அவருடைய கையெழுத்து. அதன் மேல் அவருடைய சிவப்பு மை. ‘ரை’யில் ர-வுக்கு முன்னால் நின்ற கொம்பை ஒரு கோடு அடித்திருந்தது. ர தலையில் ஒரு புள்ளி ஏறியிருந்தது. ச் போயிருந்தது. ‘கண்டுபிடித்துவிட்டார்’ முழுசாகப் போயிருந்தது. ‘எடுத்துவிடு’ என்பதற்கு அவர் போடுகிற அதே சுழிகூட ஓரத்தில் இருந்தது.

‘இன்று காலை வந்த நீலத் தண்ணீருக்குக் காரணமானவர் செயலாளர். மாலை ஆறு மணிக்கு வாசலில் கூட்டம். நடந்ததை அவரே விளக்குவார்.’

முதலில் அவர் கண் பிழை தேடியது. பழக்க தோஷம். இருமுறை தேடினார். எழுத்திலும் இல்லை. இந்தத் தடவை விஷயத்திலும் இல்லை.

மனைவி பக்கம் திரும்பினார். உதடு மட்டும் அசைந்தது. “என்னடி இது?”

“நீங்கதானே திருத்தச் சொன்னீங்க?” என்றாள் அவளும் உதட்டாலேயே.

எல்லாரும் காத்திருந்தார்கள். செயலாளர் பையிலிருந்து கையை எடுத்தார். வேறு வழியில்லை. நீலக் கை இரண்டும் விளக்கு வெளிச்சத்தில் வெளியே வந்தன. யாரோ ஒருவர் ‘அடடா’ என்றார்.

“சட்டை துவைச்சேங்க” என்றார். “ஓஸை டிரம்முக்குள்ள முக்கி வெச்சிருந்தேன். முக்காதீங்கன்னு இவ சொன்னா. கேட்கல. நோட்டீசையும் நான்தான் திருத்தினேன். ஒன்பது மணின்னு போட்டிருந்தது. படிக்கல. காலையில பிளம்பர் சரியாத்தான் சொன்னாரு. தெரிஞ்சும் நான்... நான் சிரிக்க வெச்சுட்டேன் எல்லாரையும்.”

பதினாலு வருஷத்தில் எத்தனையோ பேர் பிழையைச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறார். வட்டத்துக்குள் நிற்பவனுக்கு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. காது மடல் வரை சுட்டது. நீலக் கை, சிவப்பு முகம்.

பிறகு வேலை மளமளவென்று நடந்தது. ஓஸ் மாட்டுகிற குழாய்க்கெல்லாம், போன தண்ணீர் திரும்பி வர விடாத வால்வு ஒன்று மாட்டுவது என்று முடிவாயிற்று. முதல் வால்வு மூன்றாம் மாடிக்கு. வாளியானாலும் டிரம்மானாலும் குழாய் வாய்க்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி.

“செயலாளர் வாய்க்கும் ஒரு வால்வு மாட்டலாமா?” என்றார் டீச்சர்.

“அந்த சைஸ் கடையில வராதுங்க டீச்சர்” என்றார் பிளம்பர்.

இந்த முறையும் எல்லாரும் சிரித்தார்கள். செயலாளர் சிரிக்கவில்லை. கூட்டம் கலைந்தது. படியேறப் போனவரை பிளம்பர் தயங்கித் தயங்கி நிறுத்தினார். மனைவியும் இரண்டு படி மேலே நின்றுவிட்டாள்.

“ஐயா, ஒரு சின்ன உதவி...”

“சொல்லுங்க. என்ன வேணும்னாலும் செய்யறேன்” என்றார் செயலாளர். நிஜமாகவே சொன்னார்.

“காலையிலேயே டாக்டர் தெரு முழுக்கப் போன் போட்டுட்டாருங்க. நாளையிலேர்ந்து வர வேணாம்னு ஒன்பது கட்டடத்துலேர்ந்தும் சொல்லிட்டாங்க. நீங்க ஒவ்வொரு கட்டடமா வந்து இதை ஒரு தடவை சொல்லிட்டீங்கன்னா போதும்.”

செயலாளர் மனைவியைப் பார்த்தார். அவள் குழந்தையின் மூக்கைத் துடைப்பதில் மும்முரமாக இருந்தாள்.

“ஒன்பது... தடவையா?”

“ஆமாங்க. அங்கேயும் இதே மாதிரி தலையைக் குனிஞ்சுக்கிட்டே சொல்லுங்கய்யா. அப்பத்தான் நம்புவாங்க.”